தென்னாப்பிரிக்காவில் விளையாட்டுப் பயிற்சியாளர் பயணச் செலவுக்கு வரிக்கழிவு கேட்பது எப்படி: மார்ச் 1 முதல் படிவம் வரை

ஒவ்வொரு ஜூலையிலும் எங்கள் டர்பன் சாட்ஸ்வர்த் பக்கத்துப் பயிற்சியாளர்கள் சிலர் பெட்ரோல் ரசீதுகளை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிக்கொண்டு என்னிடம் வருவார்கள். கிரிக்கெட், கால்பந்து, நீச்சல், கராத்தே என்று எல்லா வகையினரும் உண்டு. வாரத்துக்கு ஐந்து நாள் காரிலேயே வாழ்பவர்கள் அவர்கள். ஆனால் பெரும்பாலோருக்கு அந்த ரசீதுக் கட்டால் ஒரு ரேண்ட்கூடத் திரும்பி வராது. கழிவுக்குத் தேவையான தாள் வேறு. அதை எழுதத் தொடங்க வேண்டிய நாளும் எப்போதோ கடந்திருக்கும்.

நானும் பயிற்சியாளன்தான். முதல் ஆண்டு என் கோரிக்கை முழுவதும் தள்ளுபடியானது. அதன்பிறகு ஒழுங்காகப் பதிவு வைத்துக் கேட்ட எதுவும் தள்ளுபடியாகவில்லை. அந்த வரிசையை இங்கே அப்படியே தருகிறேன். வரிசையை மாற்றாதீர்கள், முதல் படியில் தவறினால் மற்ற உழைப்பெல்லாம் வீணாகும்.

1. உங்கள் ஐஆர்பி5 தாளை எடுத்துக் குறியீடுகளைப் பாருங்கள்

காரைப் பற்றி யோசிப்பதற்கு முன் இதைச் செய்யுங்கள். ஐஆர்பி5 என்பது வேலை தருபவர் தரும் ஆண்டுச் சம்பள, வரிச் சான்று; அதில் ஒவ்வொரு தொகைக்கும் நான்கிலக்கக் குறியீடு இருக்கும். பயணச் செலவைக் கழிக்க முடியுமா என்பது நீங்கள் எவ்வளவு தூரம் ஓட்டினீர்கள் என்பதை வைத்து முடிவாவதில்லை. பணம் உங்கள் கைக்கு எந்தப் பெயரில் வந்தது என்பதை வைத்தே முடிவாகிறது.

3601 மட்டும் இருந்தால் அது வெறும் சம்பளம். பயணப்படி எதுவும் இல்லாத சம்பளக்காரர் சொந்தக் காரில் எத்தனை போட்டிக்குப் பிள்ளைகளை அழைத்துப் போயிருந்தாலும் பயணக்கழிவு கேட்க முடியாது. வருமான வரிச் சட்டத்தின் 23(எம்) பிரிவு அந்தக் கதவை மூடிவிடுகிறது. வருமானத்தில் பாதிக்கு மேல் கமிஷனாக வருபவர்களுக்கு விலக்கு உண்டு. பயிற்சியாளர்களில் அப்படிப்பட்டவர் அரிது.

போன ஆண்டு ஒரு பள்ளி ஆசிரியை, வலைப்பந்துப் பயிற்சியாளர், பன்னிரண்டு மாத லாக்புக்கை (பயணப் பதிவேட்டை) அழகான கையெழுத்தில் எழுதிக் கொண்டுவந்தார். "அண்ணா, ஒரு நாள்கூட விடவில்லை" என்றார். அவர் தாளில் 3601 மட்டுமே இருந்தது. அதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இப்படிப்பட்டவர்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: அடுத்த வரி ஆண்டு தொடங்கும் முன் நிர்வாகத்திடம் பேசி, சம்பளத்தோடு பயணப்படியோ கிலோமீட்டர் கணக்கில் ஈட்டுத்தொகையோ தரும்படி கேளுங்கள். மொத்தச் செலவு கூடாமல் சம்பள அமைப்பை மட்டும் மாற்றித் தருவதற்குச் சில பள்ளிகள் ஒப்புக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். பின்தேதியிட்டு மாற்ற முடியாது.

3701 இருந்தால் அது மாதாமாதம் வரும் பயணப்படி. இவர்களுக்குத்தான் லாக்புக் முழுப் பலன் தரும்.

3703 என்பது ஓடிய கிலோமீட்டருக்குத் தந்த, வரியில்லாத ஈட்டுத்தொகை. வேறு பயணப்படி இல்லாமல், அரசு நிர்ணயித்த விகிதத்துக்குள் இருந்தால் இந்தக் குறியீடு விழும். 2025 வரி ஆண்டில் (2025 பிப்ரவரியில் முடிந்தது) அந்த விகிதம் கிலோமீட்டருக்கு 4.84 ரேண்ட், 2026 வரி ஆண்டில் 4.76 ரேண்ட். வரியே இல்லாததால் இதற்கு எதிராகக் கழிவும் கிடையாது. பார்க்கிங், டோல் கட்டணத்தை நிர்வாகம் தனியாகத் திருப்பித் தந்தாலும் இந்தச் சலுகை கெடாது. பீட்டர்மாரிட்ஸ்பர்க் போகும் வழியில் மரியன்ஹில் டோலில் கட்டியதைக் கேட்டு வாங்கத் தயங்க வேண்டாம்.

3702, 3722 என்று இருந்தால், ஈட்டுத்தொகையோடு வேறு படியும் சேர்ந்திருக்கிறது, அல்லது விகிதத்துக்கு மேல் தந்திருக்கிறார்கள் என்று பொருள். இது வரிக்குரியது. லாக்புக் இருந்தால் கழிவு கேட்கலாம்.

3616 என்பது சுயேச்சை ஒப்பந்தக்காரர். ஐஆர்பி5 தாளே இல்லாமல் பெற்றோரிடமும் கிளப்பிடமும் நேரடியாகக் கட்டணம் வாங்குபவர்களும் கிட்டத்தட்ட இந்த வரிசையில்தான் வருவார்கள். இவர்களுக்குக் கணக்குமுறை வேறு; ஏழாம் படியில் சொல்கிறேன். ஒப்பந்தத்தில் 'சுயேச்சை' என்று எழுதியிருப்பது மட்டும் போதாது. நேரத்தையும் வேலைமுறையையும் பள்ளியே தீர்மானித்து, பள்ளி மைதானத்திலேயே நீங்கள் வேலை செய்தால், வரிக்கு நீங்கள் ஊழியராகவே கருதப்படலாம்.

கட்டணமே வாங்காமல் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் பெற்றோர் கழிவு கேட்க முடியாது. வருமானம் ஈட்டாத பயணத்துக்குக் கழிவு இல்லை.

2. மார்ச் 1 காலை மீட்டரைப் படம் எடுங்கள்

வரி ஆண்டு மார்ச் 1 அன்று தொடங்கிப் பிப்ரவரி கடைசி நாளில் முடிகிறது. இந்த இரண்டு நாளும் காரின் மீட்டர் என்ன காட்டியது என்பதே கணக்கின் அடித்தளம். இரண்டு எண்ணின் வித்தியாசம் ஆண்டின் மொத்த ஓட்டம். அதில் வேலைக்காக ஓடியது எத்தனை பங்கு என்பதைத்தான் சார்ஸ் (தென்னாப்பிரிக்க வரித்துறை) கேட்கிறது.

என் முதல் ஆண்டுக் கோரிக்கை விழுந்தது இதனால்தான். பயணங்களை எழுதியிருந்தேன், தொடக்க எண் இல்லை. ஏப்ரல் நடுவில் எடுத்த எண்ணை வைத்து மார்ச் 1 எண்ணை ஊகித்துப் போட்டேன். சர்வீஸ் ரசீதில் இருந்த எண்ணோடு அது பொருந்தவில்லை.

கைப்பேசியில் மீட்டரைப் படம் எடுத்து, அதே நாளில் உங்களுக்கே மின்னஞ்சல் செய்துவிடுங்கள். தேதி தானாகப் பதிவாகும். நடு ஆண்டில் கார் மாற்றினால் விற்கும் நாளில் பழைய காரின் எண், வாங்கும் நாளில் புதிய காரின் எண் இரண்டும் வேண்டும். இரண்டு கார் வைத்திருந்தால் இரண்டு லாக்புக்.

3. எது வேலைப் பயணம் என்று ஆண்டின் தொடக்கத்திலேயே தீர்மானித்துக்கொள்ளுங்கள்

அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் இது. வீட்டிலிருந்து வழக்கமான வேலை இடத்துக்குப் போவதும் வருவதும் சொந்தப் பயணம். காலை ஐந்து மணிக்கு நீச்சல் பயிற்சி என்றாலும், பின்சீட் நிறையப் பந்தும் மட்டையும் இருந்தாலும் அது சொந்தப் பயணமே.

வேலைப் பயணம் என்று துணிந்து எழுதக்கூடியவை: பள்ளியிலிருந்து வெளியூர் மைதானத்துக்குப் போட்டிக்காகப் போய்த் திரும்புவது, ஒரு பயிற்சி முடித்து அடுத்த மைதானத்துக்குப் போவது, நிர்வாகம் அனுப்பிய பயிற்சி முகாம், நடுவர் கூட்டம், விளையாட்டுச் சாமான் வாங்கும் வேலை. வழக்கமான வேலை இடம் அல்லாத மைதானத்துக்கு வீட்டிலிருந்தே நேராகப் போனால் அதுவும் வேலைப் பயணம்தான்.

ஒரே நாளில் மூன்று இடத்தில் சொல்லிக்கொடுப்பவர்கள்தான் என்னிடம் அதிகம் கேட்பவர்கள். காலை சாட்ஸ்வர்த், பிற்பகல் ஃபீனிக்ஸ், மாலை வெருலம் என்று வையுங்கள். மூன்றும் வாராவாரம் போகும் இடங்கள். வீட்டிலிருந்து முதல் இடத்துக்கும், கடைசி இடத்திலிருந்து வீட்டுக்கும் ஓடியதை நான் சொந்தப் பயணமாகவே எழுதச் சொல்வேன். இடையில் ஓடிய இரண்டு துண்டும் வேலைப் பயணம். வீட்டில் தனி அறையில் அலுவலகம் வைத்திருக்கிறேன், அங்கிருந்தே தொழில் தொடங்குகிறது என்று சிலர் வாதிடுவார்கள். அந்த அறை தொழிலுக்கு மட்டுமே, ஒழுங்காகப் பயன்படுகிறது என்று நிரூபிக்க முடியாவிட்டால் அந்த வாதம் நிற்காது. வலுவில்லாத கிலோமீட்டரைச் சேர்த்து, வலுவானதையும் சந்தேகத்துக்கு உள்ளாக்காதீர்கள்.

போட்டி முடிந்து திரும்பும் வழியில் அத்தை வீட்டுக்குத் திரும்பினால், அந்தச் சுற்றுவழித் தூரத்தைக் கழித்துவிடுங்கள். அதே போட்டியில் உங்கள் சொந்த மகன் ஆடினான் என்பதால் அந்தப் பயணம் சொந்தப் பயணமாகிவிடாது. நீங்கள் பயிற்சியாளராகப் போனீர்களா, தகப்பனாகப் போனீர்களா என்பதே கேள்வி.

4. ஒவ்வொரு பயணத்தையும் அன்றே எழுதுங்கள்

சார்ஸ் ஒவ்வொரு வரி ஆண்டுக்கும் மின் லாக்புக் ஒன்றைத் தன் இணையதளத்தில் வைக்கிறது. அதையே இறக்கிக்கொள்ளலாம், சாதாரண நோட்டுப் புத்தகமும் போதும். தேதி, எங்கிருந்து எங்கே, எதற்காக, எத்தனை கிலோமீட்டர் ஆகியவை கட்டாயம். சொந்தப் பயணங்களை எழுத வேண்டியதில்லை. மொத்தத்திலிருந்து கழித்தால் அது வந்துவிடும்.

ஒரு வரி இப்படி இருக்கட்டும்: "சனி, சாட்ஸ்வர்த் பள்ளியிலிருந்து டோங்காட் மைதானம், 14 வயதுக்குட்பட்டோர் கிரிக்கெட் போட்டி, மீட்டர் 61,204 முதல் 61,260 வரை, 56 கி.மீ." வெறுமனே "போட்டி" என்றோ "வேலை" என்றோ எழுதினால் சரிபார்ப்பவருக்கு எதுவும் புரியாது. எந்த அணி, எந்த நிகழ்ச்சி என்று எழுதினால் போட்டி அட்டவணையோடு ஒப்பிட்டுப் பார்க்க முடியும். அந்த ஒப்பீடு உங்களுக்குச் சாதகமானது.

ஜூன் மாதத்தில் உட்கார்ந்து முழு ஆண்டையும் ஒரே மூச்சில் எழுதுவார்கள் சிலர். அது முகத்திலேயே தெரியும்: எல்லாம் 20, 40, 60 என்று முழு எண்கள், ஒரே மையில், தைப்பூசக் காவடி நாளிலும் பயிற்சி, மழையில் ரத்தான போட்டிக்கும் பயணம். கார் சர்வீஸ் ரசீதில் தேதியும் மீட்டர் எண்ணும் இருக்கும். அதோடு இடித்தால் முழு லாக்புக்கும் போய்விடும்.

கைப்பேசிச் செயலி வைத்திருப்பவர்கள் கவனிக்க: தூரத்தை அது தானாகக் குறிக்கும், காரணத்தைக் குறிக்காது. வாரத்துக்கு ஒரு முறையாவது உட்கார்ந்து காரணத்தை நிரப்புங்கள்.

5. காரின் தாள்களை ஒரே உறையில் போடுங்கள்

கார் வாங்கிய விலைச்சீட்டு அல்லது குத்தகை ஒப்பந்தம், பதிவுச் சான்று, காப்பீட்டு ஆண்டு அறிக்கை, சர்வீஸ் ரசீதுகள். விலை என்பது வாட் வரியோடு சேர்ந்த, வங்கி வட்டி சேராத விலை. மாதத் தவணைகளைக் கூட்டிப் போடுவது அடிக்கடி நடக்கும் பிழை. அதில் வட்டி கலந்திருக்கிறது. பழைய காராக வாங்கியிருந்தால் நீங்கள் கொடுத்த விலைதான் கணக்கு.

நிர்வாகத்திடமிருந்து ஒரு கடிதமும் வாங்கி வையுங்கள்: உங்கள் பணியில் வெளியிடப் பயணம் அடங்கும், அதற்குச் சொந்தக் காரைப் பயன்படுத்துகிறீர்கள் என்று. கட்டாயமில்லை. ஆனால் சரிபார்ப்பு வரும்போது இந்த ஒரு பக்கம் நிறையக் கேள்விகளைத் தவிர்க்கும்.

6. பயணப்படி வாங்குபவரின் கணக்கு

உண்மைச் செலவுக்கு ரசீது வைத்துக் கேட்கலாம். இல்லாவிட்டால் சார்ஸ் ஆண்டுதோறும் வெளியிடும் விகித அட்டவணையைப் பயன்படுத்தலாம். அட்டவணையில் காரின் விலைக்கேற்ப மூன்று எண் இருக்கும்: ஆண்டு நிலைச்செலவு (கார் ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஆகும் செலவு), கிலோமீட்டருக்கு எரிபொருள், கிலோமீட்டருக்குப் பராமரிப்பு. நிலைச்செலவை மொத்த ஓட்டத்தால் வகுத்து, மற்ற இரண்டையும் கூட்டி, வேலைக் கிலோமீட்டரால் பெருக்க வேண்டும். பெட்ரோலை முழுவதும் நீங்களே போட்டால்தான் எரிபொருள் எண்ணைச் சேர்க்கலாம், பராமரிப்புக்கும் அப்படியே.

கணக்கு புரிவதற்காக மட்டும் உருண்டை எண்கள் தருகிறேன்; உங்கள் ஆண்டு அட்டவணையை எடுத்து மாற்றிக்கொள்ளுங்கள். நிலைச்செலவு 60,000 ரேண்ட், மொத்த ஓட்டம் 24,000 கி.மீ. என்றால் கிலோமீட்டருக்கு 2.50. எரிபொருள் 1.50, பராமரிப்பு 0.50. கூட்டினால் 4.50. வேலைக்காக ஓடியது 9,600 கி.மீ. என்றால் கழிவு 43,200 ரேண்ட். ஆண்டுப் பயணப்படி 48,000 என்றால், மிச்சம் 4,800 ரேண்டுக்குத்தான் வரி.

பணம் திரும்பி வருவது எப்படி என்றால், வழக்கமாகப் பயணப்படியில் 80 சதவீதத்துக்கு, இங்கே 38,400 ரேண்டுக்கு, மாதாமாதம் பேயீ வரி (சம்பளத்திலேயே பிடிக்கும் வரி) பிடித்திருப்பார்கள். ஓட்டத்தில் 80 சதவீதமாவது வேலைக்காக என்று நிர்வாகம் நம்பினால் 20 சதவீதத்துக்கு மட்டுமே பிடிக்கலாம். அந்தச் சலுகையை அவசரப்பட்டுக் கேட்காதீர்கள். லாக்புக் அந்த அளவுக்கு வராவிட்டால் ஜூலையில் மொத்தமாகக் கட்ட வேண்டி வரும்.

கழிவு ஒருபோதும் பயணப்படியைத் தாண்டாது. ஆண்டு நடுவில்தான் படி தொடங்கியது என்றால், நிலைச்செலவும் அந்த நாட்களின் பங்குக்கே.

7. சொந்தத் தொழிலாகச் செய்பவரின் கணக்கு

மேலே சொன்ன அட்டவணை உங்களுக்கு இல்லை. முதல் படியில் சொன்ன கிலோமீட்டர் விகிதமும் இல்லை. கிளப்புக்குக் கிலோமீட்டர் கணக்கில் பில் போடுவது வேறு, வரியில் கழிப்பது வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டு வருபவர்கள் பலர். உங்களுக்கு உண்மைச் செலவு மட்டுமே. அதனால் ரசீதுக் கட்டு உயிர் பெறுவது இங்கேதான், அதுவும் லாக்புக் காட்டும் பங்கு வரைக்கும்.

ஓர் ஆண்டுக்கு எரிபொருள் 30,000, காப்பீடு 9,600, சர்வீசும் டயரும் 8,000, உரிமக் கட்டணம் 700 என்று கொள்ளுங்கள். காரின் தேய்மானம்: பயணிகள் காருக்குச் சார்ஸ் ஏற்கும் ஆயுள் 5 ஆண்டு, 1,50,000 ரேண்டுக்கு வாங்கியது என்றால் ஆண்டுக்கு 30,000. மொத்தம் 78,300. வேலை ஓட்டம் 40 சதவீதம் என்றால் கழிவு 31,320 ரேண்ட். கார்க்கடனுக்கு வட்டி கட்டினால் வட்டிப் பகுதியை மட்டும் செலவில் சேருங்கள். அசலைச் சேர்த்தால் தேய்மானத்தோடு இரண்டு முறை கேட்டதாகிவிடும். போக்குவரத்து அபராதம் எக்காரணத்தாலும் கழிவாகாது.

வருமானத்தை முழுவதும் காட்டிய பிறகே செலவைக் காட்டுங்கள். பெற்றோர் கையில் தந்த ரொக்கமும் வருமானம்தான். இவர்கள் புரொவிஷனல் வரி செலுத்துபவர்களும்கூட, அதாவது வருமானத்தைத் தாங்களே மதிப்பிட்டு முன்கூட்டி வரி கட்டுபவர்கள். ஐஆர்பி6 படிவம் ஆகஸ்ட் முடிவுக்குள் ஒருமுறை, பிப்ரவரி முடிவுக்குள் ஒருமுறை. இந்தக் கழிவை அந்த மதிப்பீட்டிலேயே கணக்கில் எடுத்தால் தேவையில்லாமல் முன்பணம் கட்ட வேண்டியிருக்காது.

8. இரவு தங்கும் போட்டிகள்

லேடிஸ்மித், ஜோகன்னஸ்பர்க் என்று அணியோடு போய்த் தங்கினால், குறைந்தது ஓர் இரவாவது வீட்டுக்கு வெளியே இருக்க வேண்டும். நிர்வாகம் சாப்பாட்டுக்கும் சில்லறைச் செலவுக்கும் படி தந்தால், 2026 வரி ஆண்டில் நாட்டுக்குள் நாளுக்கு 570 ரேண்ட் வரை, சில்லறைச் செலவு மட்டும் என்றால் 176 ரேண்ட் வரை, ரசீது இல்லாமலே செலவானதாக ஏற்கப்பட்டது. படியே தராவிட்டால் ஊழியர் இந்தத் தொகையைத் தாமாகக் கழிக்க முடியாது. சொந்தத் தொழில்காரர்களுக்கு ரசீது மட்டுமே வழி.

9. தானியங்கி மதிப்பீட்டை அப்படியே விட்டுவிடாதீர்கள்

ஜூலை தொடக்கத்தில் சார்ஸ் பலருக்குத் தானாகவே மதிப்பீட்டை அனுப்பிவிடும். உங்கள் லாக்புக்கில் என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. பயணப்படி முழுவதும் வரிக்குரியதாகவே அதில் நிற்கும். "எல்லாம் முடிந்துவிட்டது" என்று நினைத்துச் சும்மா இருந்தால் கழிவு போனதுதான். சார்ஸின் இணையச் சேவையான இ-ஃபைலிங்கில் ஐடிஆர்12 என்ற ஆண்டு வருமான வரிப் படிவத்தைத் திறந்து, கெடு முடிவதற்குள் திருத்தி அனுப்புங்கள். 2025ல் சாதாரண வரி செலுத்துபவருக்கு அக்டோபர் 20, புரொவிஷனல் வரி செலுத்துபவருக்கு 2026 ஜனவரி 19 கெடுவாக இருந்தது. ஒவ்வோர் ஆண்டும் தேதி மாறும்.

படிவத்தின் தொடக்கக் கேள்விகளில் பயணப்படிக்கு எதிராகச் செலவு கேட்கிறீர்களா, எத்தனை வாகனம் என்று கேட்கும். அங்கே 'ஆம்' சொல்லாவிட்டால் நிரப்பும் பக்கமே தோன்றாது. "அந்தப் பகுதி எனக்கு வரவேயில்லை" என்று போன் செய்பவர்கள் எல்லாரும் தவறவிட்டது இந்தக் கேள்வியைத்தான். பிறகு காரின் பதிவெண், விலை, பயன்படுத்திய தேதிகள், தொடக்க மீட்டர், முடிவு மீட்டர், வேலைக் கிலோமீட்டர். அட்டவணை முறை வேண்டும் என்றால் உண்மைச் செலவுப் பெட்டிகளை வெறுமையாக விடுங்கள். 3616காரர்களும் நேரடிக் கட்டணம் வாங்குபவர்களும் இந்தப் பக்கத்தை விட்டு, தொழில் வருமானப் பகுதியில் செலவாகக் காட்ட வேண்டும்.

பணம் வாங்கிக்கொண்டு படிவம் நிரப்பித் தருபவர் சார்ஸில் பதிவு பெற்ற வரி முகவராக இருக்க வேண்டும். பதிவெண்ணைக் கேளுங்கள். திரும்பி வரும் பணத்தில் பங்கு கேட்பவரிடம் போகவே போகாதீர்கள். தொகை கூடினால் அவருக்கு லாபம், பொய்க்கணக்குக்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

10. சரிபார்ப்புக் கடிதம் வந்தால்

பயணக்கழிவு கேட்டவர்களுக்கு இந்தக் கடிதம் அடிக்கடி வரும். அது குற்றச்சாட்டு அல்ல. பயந்து திருத்தப் படிவம் அனுப்பிக் கழிவை நீங்களே எடுத்துவிடாதீர்கள். 21 வேலை நாளுக்குள் லாக்புக், விலைச்சீட்டு, பதிவுச் சான்று, நிர்வாகக் கடிதம், உண்மைச் செலவு என்றால் ரசீதுகள் எல்லாவற்றையும் இ-ஃபைலிங்கில் ஏற்றுங்கள். லாக்புக்கின் ஒரு பக்கத்தை மட்டும் மாதிரிக்கு அனுப்புவது தவறு. முழு ஆண்டும் போக வேண்டும். மங்கலான கைப்பேசிப் படங்களைவிட ஒரே பிடிஎஃப் கோப்பு நல்லது.

தள்ளுபடி செய்தால், மதிப்பீட்டுத் தேதியிலிருந்து 80 வேலை நாளுக்குள் ஆட்சேபம் எழுதலாம். மதிப்பீட்டின் எந்தப் பகுதியை நீங்கள் ஏற்கவில்லை, அதற்கான சான்று எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று குறித்து எழுதுங்கள்.

படிவம் அனுப்பிய நாளிலிருந்து 5 ஆண்டு எல்லாத் தாளையும் வைத்திருக்க வேண்டும். என்னுடையவை அலமாரியின் மேல்தட்டில் ஆண்டுக்கு ஓர் உறையாக இருக்கின்றன. ஒவ்வோர் உறையின் மேலும் இரண்டே எண்கள்: மார்ச் 1 மீட்டர், பிப்ரவரி கடைசி மீட்டர்.